நெருப்புக்குக் கட்டிய கரை

நுழையும்முன்

நீருக்குக் கரை கட்டியவர் தமிழர். ஏரியும் குளமும் அவர்தம் பொறியியல் அறிவுக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன. பல கோடி டிகிரி வெப்பத்தில் கொதிக்கும் நெருப்புக்கும் கரை கட்ட இயலுமா? மண்ணாலும் கல்லாலும் இயலாது. காந்தத்தால் இயலலாம் என்கிறது இற்றை அறிவியல். அக்கரை வெப்பத்தைக் காப்பது எவ்வாறு, அதே கரை தொல்லையாக மாறுவது எப்போது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஏரி கற்பிக்கும் பாடம்

தாம்பரத்தை ஒட்டி, செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்துள்ள தொன்மையான ஊர் மாடம்பாக்கம். சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோவிலும் அதன் தூங்கானைமாட வடிவ விமானமும் அவ்வூரின் பழமையைப் பறைசாற்றுகின்றன. பரந்து கிடக்கும் ஏரி அவ்வூரின் மற்றோர் அடையாளம். தொண்டைநாட்டு ஏரிகளுக்குப் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. நிலம் தாழும் பக்கத்தில் பிறைநிலாவைப் போல் வளைந்த கரை இருக்கும். நீர் வந்துசேரும் மேட்டுப் பக்கம் கரையின்றித் திறந்திருக்கும். கரையின் பணி, நீர் ஓடும் திசையை மறிப்பதே. மறிக்கப்பட்ட நீர் வேறு வழி தேடும். வழி கிடைத்த பக்கம் ஓடும். ஆகவே, கரை கட்டுவோர் இரண்டு வினாக்களுக்கு விடைகாண வேண்டும். நீரை எங்கே தடுப்பது? தடுத்தபின் அது எங்கே செல்லும்?

அணுக்கரு இணைவை ஆராயும் அறிஞர்களின் முன்னும் இவ்விரு வினாக்களே நிற்கின்றன. அவர்கள் தேக்க விரும்புவது வெப்பம். அவர்கள் எழுப்பும் கரை காந்தப்புலம்.

பொருளின் நான்காம் நிலை

திண்மம், நீர்மம், வாயு என்னும் மூன்று நிலைகளை நாம் அறிவோம். வாயுவை மேன்மேலும் சூடேற்றினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்றுவிடும். எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்களும் நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகளும் கலந்து திரியும் அந்நிலையே பிளாஸ்மா. மின்னல் கீற்றில் ஒரு கணம் தோன்றுவதும், சூரியனின் உடல் முழுமையும் நிறைந்திருப்பதும் இதுவே. எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு அணுக்கள் இவ்வாறு பிரியும் என்பதைக் கணிக்கும் சமன்பாட்டை 1920-இல் வகுத்தளித்தவர் இந்திய அறிஞர் மேகநாத சாகா.

சூரியனின் மையத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 1.5 கோடி டிகிரி. அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறுகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலே ஒளியாகவும் வெப்பமாகவும் நம்மை வந்தடைகிறது. மாடம்பாக்கத்துக்குத் தெற்கே, கடற்கரையில் அமைந்த கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் அணுக்கரு ஆற்றலே மின்சாரமாகிறது. ஆயினும், அங்கே நிகழ்வது கனமான யுரேனிய அணுக்கரு பிளவுறும் அணுக்கருப் பிளவு. சூரியனில் நிகழ்வதோ இலேசான அணுக்கருக்கள் ஒன்றுசேரும் அணுக்கரு இணைவு. இரண்டும் எதிரெதிர் வழிகள்.

புவியில் இணைவை நிகழ்த்த ஹைட்ரஜனின் இரண்டு ஐசோடோப்புகள் ஏற்றவை. ஒன்று டியூட்டிரியம், மற்றொன்று டிரிட்டியம். இவை இணையும்போது ஹீலிய அணுக்கரு ஒன்றும் நியூட்ரான் ஒன்றும் பிறக்கின்றன. பிறக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடும். எஞ்சிய ஒரு பங்கு, ஆல்பா துகள் எனப்படும் ஹீலிய அணுக்கருவிடம் தங்கும். டியூட்டிரியத்துக்குப் பஞ்சமில்லை. கடல்நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டிரியமாக உள்ளது. எரிபொருள் கடலில் கிடக்கிறது. அதை எரிய வைப்பதே கடினம்.

உள்நோக்கிய வெடிப்பு

அணுக்கருக்கள் அனைத்தும் நேர்மின்னூட்டம் கொண்டவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கத்தை மீறி அவற்றை நெருங்கச் செய்ய மிகுந்த வெப்பம் வேண்டும். சூரியன் தன் பேரெடையின் ஈர்ப்பால் பிளாஸ்மாவைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தி வைத்திருக்கிறது, அதற்கு அவசரமில்லை. அத்தகைய எடையில்லாத மனிதன் மாற்றுவழி காண வேண்டியிருந்தது.

வழிகள் இரண்டு. பிளாஸ்மாவை அடர்த்தி குறைவாக வைத்துக் காந்தக் கூண்டுக்குள் நெடுநேரம் சுழலவிடுவது ஒரு வழி. குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதித்யா கருவி 1989 முதல் இவ்வழியில் இயங்கியது. பிரான்சு நாட்டில் பல நாடுகள் கூடி எழுப்பிவரும் ஈட்டர் திட்டமும் இவ்வகையினதே. இந்தியா அதில் பங்கேற்றுள்ளது. இமைப்பொழுதினும் மிகக் குறுகிய காலத்தில் எரிபொருளை நசுக்கி, அது சிதறுவதற்குமுன் எரித்துவிடுவது மற்றொரு வழி. இதற்கு லேசர் பயன்படுகிறது.

லேசர் வழியில் எரிபொருளை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருண்டைக்குள் அடைப்பர். ஆற்றல்மிக்க லேசர் கதிர்களோ அவை எழுப்பும் எக்ஸ் கதிர்களோ உருண்டையின் மேற்பரப்பை எல்லாப் பக்கங்களிலிருந்தும் தாக்கும். மேற்பரப்பு ஆவியாகி வெளிநோக்கிச் சீறும்; அதன் எதிர்விசையால் எஞ்சிய கூடு உள்நோக்கித் தள்ளப்படும். சிறீஅரிகோட்டாவில் ஏவூர்தி மேலெழுவதும் இந்த நியூட்டனின் மூன்றாம் விதியால்தான். ஏவூர்தி ஒரு திசையில் பாய்கிறது; இங்கே கூட்டின் ஒவ்வொரு பகுதியும் மையத்தை நோக்கி நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. இதுவே உள்வெடிப்பு எனப்படும். உருண்டையின் ஆரம் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். நடுவில் தலைமுடியின் பருமனை ஒத்த ஒரு வெப்பப்புள்ளி உருவாகும். சூரிய மையத்தினும் மிகுந்த வெப்பம் அங்கே எழவேண்டும். அது நிலைத்திருக்கும் காலமோ, ஒரு நொடியை ஆயிரம் கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கின் அளவே.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாரன்சு லிவர்மோர் தேசிய ஆய்வகம் உள்ளது. அங்குள்ள தேசிய எரியூட்டு நிலையம் 192 லேசர் கதிர்களைக் கொண்டது. 2022 திசம்பர் 5 அன்று அந்நிலையத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் இலக்கைச் சென்றடைந்தது, இணைவால் 3.15 மெகாஜூல் ஆற்றல் வெளிப்பட்டது. இலக்குக்குக் கொடுத்ததைவிட மிகுதியான ஆற்றலை இணைவின்வழிப் பெற்றது ஆய்வக வரலாற்றில் அதுவே முதன்முறை.

அந்த வெற்றியின் அளவையும் அறிய வேண்டும். வீட்டு மின்கணக்கில் ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். அன்று வெளிப்பட்டது ஒரு யூனிட்டுக்கும் குறைவே. அந்த லேசரை இயக்க மின்வழியிலிருந்து பெற்ற ஆற்றலோ ஏறத்தாழ 300 மெகாஜூல். அதாவது 80 யூனிட்டுக்கு மேல். இணைவு மின்சாரமாக வேண்டுமெனில், அதே லேசரிலிருந்து பன்மடங்கு மிகுதியான விளைவைப் பெறவேண்டும். அதற்குத் தடையாக நிற்பது வெப்பக் கசிவு.

வெப்பம் கசியும் வழிகள்

வெப்பப்புள்ளியைச் சுற்றி இருப்பது அதனினும் குளிர்ந்த, அடர்ந்த எரிபொருள் கூடு. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் பாய்வது இயற்கை. பிளாஸ்மாவில் அதைச் சுமந்து செல்பவை பெரும்பாலும் எலக்ட்ரான்கள். நிறை குறைந்த அவை விரைந்தோடி, நடுவிலுள்ள வெப்பத்தைக் கூட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிடுகின்றன. பொங்கும் நேரத்தில் பானையின் அடுப்பை அணைத்தாற்போல், எரியூட்டும் கணத்தில் நடுப்பகுதி குளிர்ந்துவிடுகிறது.

கசிவுக்கு இன்னொரு வழியும் உண்டு. கனமான நீர்மம் மேலேயும் இலேசான நீர்மம் கீழேயும் இருந்தால் அவ்வடுக்கு நிலைக்காது. எண்ணெயின்மேல் நீரை ஊற்றினால் நீர் விரல்விரலாகக் கீழிறங்குவதையும் எண்ணெய் குமிழ்குமிழாக மேலேறுவதையும் காணலாம். இதனை ராலே–டெய்லர் நிலையின்மை என்பர். உள்வெடிப்பின் இறுதியில் கனமான கூட்டை நடுவிலுள்ள இலேசான சூட்டுப் பிளாஸ்மா எதிர்த்துத் தள்ளி, அதன் வேகத்தைத் தணிக்கிறது. அப்போது இதே நிலையின்மை தோன்றும். குளிர்ந்த கூடு விரல்விரலாக உள்ளே நுழைந்து நடுப்பகுதியின் வெப்பத்தைக் குடித்துவிடும்.

காந்தக் கோடுகள் என்னும் கரை

மின்னூட்டம் கொண்ட துகள் காந்தப்புலத்துக்குள் புகுந்தால் நேர்வழியில் செல்வதில்லை. காந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றி, சுருள்வில்லின் வடிவில் நகரும். கோட்டின் வழியே முன்னும் பின்னும் செல்ல அதற்குத் தடையில்லை; கோட்டைக் குறுக்கே கடப்பதற்கே தடை. காந்தப்புலம் வலுக்கும்தோறும் அச்சுற்று சிறிதாகும். ஆகவே, காந்தக்கோடு என்பது குறுக்கே செல்வோர்க்குக் கரை; நெடுகச் செல்வோர்க்கு வாய்க்கால். இப்பாடத்தின் உயிர்ப்பொருள் இதுவே.

எல்லாப் பிளாஸ்மாவிலும் இக்கரை ஒரேபோல் பயன்தராது. சுற்றிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான் மற்றொரு துகளோடு மோதினால் தன் கோட்டைவிட்டு அடுத்த கோட்டுக்குத் தாவிவிடும். இரு மோதல்களுக்கு இடையில் அது பல சுற்றுகள் சுற்றுமாயின் கரை வலிமையானது. ஒரு சுற்று முடியுமுன் மோதிவிடுமாயின் கரை உடைந்ததற்கு ஒப்பாகும். அடர்ந்து குளிர்ந்த கூட்டில் மோதல்கள் மிகுதி. வெப்பம் மிக்க நடுப்பகுதியில் துகள்கள் விரைந்து செல்வதால் மோதல்கள் குறைவு. எனவே, காவல் மிகத் தேவைப்படும் நடுப்பகுதியிலேயே காந்தக் கரை நன்கு பணிசெய்யும்.

அவ்வளவு வலிய காந்தப்புலத்தை எங்கிருந்து பெறுவது? உள்வெடிப்பே அதனை உருவாக்கித் தருகிறது. மின்சாரத்தை நன்கு கடத்தும் பிளாஸ்மாவில் காந்தக் கோடுகள் உறைந்துகிடக்கும். பிளாஸ்மா நகர்ந்தால் அவையும் உடன் நகரும். இக்கருத்தை முன்வைத்த சுவீடன் நாட்டு அறிஞர் ஆனசு ஆல்வேன் 1970-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு கட்டு வைக்கோலைக் கயிற்றால் இறுக்கினால் தாள்களின் எண்ணிக்கை மாறாது. நெருக்கம் மட்டும் கூடும். அதுபோலவே, காந்தக் கோடுகள் ஊடுருவிய உருண்டையை லேசரால் நசுக்கினால் கோடுகள் நெருங்கி, புலம் வலுப்பெறும். ஆரம் பத்தில் ஒரு பங்கானால், கோடுகள் ஊடுருவும் பரப்பு நூற்றில் ஒரு பங்காகும்; புலம் நூறு மடங்காகும். ஆய்வாளர் விதைப்பது சிறு புலம். அறுவடை செய்வது பெரும்புலம். தொடக்கத்தில் இடும் புலத்தை விதைப்புலம் என்றே வழங்குவர்.

புலம் மிக வலுத்தால் மற்றொரு நன்மையும் விளையும். இணைவில் பிறக்கும் ஆல்பா துகள் தன் ஆற்றலை நடுப்பகுதியிலேயே விட்டுச்சென்றால்தான் எரிதல் தொடரும். 10,000 டெசுலா புலத்தில் அத்துகளின் சுற்றாரம் ஏறத்தாழ 27 மைக்ரோமீட்டராகச் சுருங்குகிறது. இது வெப்பப்புள்ளியின் ஆரத்துக்கு நிகரானது. அந்நிலையில், தப்பியோட வேண்டிய துகள் உள்ளேயே சுற்றி வெப்பமூட்டும்.

தெரியுமா?

காந்தப்புலத்தின் வலிமையை டெசுலா என்னும் அலகால் அளப்பர்.
சென்னைப் பகுதியில் புவியின் காந்தப்புலம்: ஏறத்தாழ 0.00004 டெசுலா
மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. கருவி: பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெசுலா
தேசிய எரியூட்டு நிலைய ஆய்வில் இட்ட விதைப்புலம்: 26 டெசுலா
அதே ஆய்வில் நசுங்கிய மையத்தில் கணிக்கப்பட்ட புலம்: ஏறத்தாழ 4,900 டெசுலா

சந்திரசேகர் வகுத்த கணக்கு

காந்தப்புலம் வெப்பத்தைத் தடுப்பதோடு, நிலையின்மையையும் கட்டுப்படுத்துமா? லேசர் உள்வெடிப்பு ஆய்வுகள் தொடங்குவதற்கு முன்பே இவ்வினாவின் கணித அடிப்படையை நூலாக எழுதி வைத்தவர் ஒரு தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகரே அவர். பாய்மங்களின் நிலைப்பாட்டைப் பற்றி 1961-இல் அவர் வெளியிட்ட பெருநூலில், கனமான பாய்மம் இலேசான பாய்மத்தின்மேல் அமர்ந்த நிலையைக் காந்தப்புலம் எவ்வாறு பாதிக்கும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

அவர்தம் விடையைக் கோரைப்பாயைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பாயைக் கோரையின் போக்கிலேயே சுருட்டினால் எளிதில் சுருளும். அப்போது எந்தக் கோரையும் வளைவதில்லை. கோரைகளைக் குறுக்கே மடிக்க முயன்றால் அவை எதிர்த்து நிற்கும். இரு பாய்மங்களின் எல்லையில் படுத்திருக்கும் காந்தக் கோடுகளும் அத்தகையவை. எழும் நெளிவு கோடுகளை வளைக்குமாயின், இழுத்துக் கட்டிய வீணை நரம்பைப்போல் அவை எதிர்த்து நெளிவை அடக்கும். நெளிவின் மேடு பள்ளங்கள் கோடுகளின் போக்கிலேயே நீளுமாயின் எந்தக் கோடும் வளையாது, எதிர்ப்பும் இராது. காந்தம் ஒரு திசையில் காக்கும்; மறு திசையில் கைவிடும். வெப்பத்துக்குச் சொன்ன அதே இருமை இங்கும் நிற்பதைக் காண்க.

தெரியுமா?

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் இலாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றபின், 1930-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். விண்மீன்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் ஆராய்ந்தமைக்காக 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசை வில்லியம் ஃபவுலருடன் பகிர்ந்துகொண்டார். 1995-இல் மறைந்தார்.

ஆய்வகம் தந்த சான்றுகள்

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 60 கதிர்களைக் கொண்ட ஒமேகா லேசர் உள்ளது. 2009-இல் வெளியான அவ்வாய்வகத்தின் அறிக்கை ஒன்று உள்வெடிப்பில் காந்தப்புலம் நெருங்குவதை நேரடியாகக் காட்டியது. உருளை வடிவ இலக்கில் 5 டெசுலாவுக்குச் சற்று மேற்பட்ட விதைப்புலம் இடப்பட்டது. நசுங்கிய மையத்தில் அது 3,000 முதல் 4,000 டெசுலா வரை உயர்ந்திருந்தது. இணைவில் பிறந்த புரோட்டான்களை அப்புலத்தின் ஊடே செலுத்தி, அவை எவ்வளவு வளைந்தன என்பதிலிருந்து இவ்வளவைக் கண்டறிந்தனர்.

2011-இல் அதே ஆய்வகம் கோள வடிவ இலக்கில் 8 டெசுலா விதைப்புலத்தை இட்டு ஆராய்ந்தது. காந்தமில்லாத இலக்கோடு ஒப்பிடுகையில் அயனிகளின் வெப்பநிலை 15 விழுக்காடும், வெளிவந்த நியூட்ரான்களின் எண்ணிக்கை 30 விழுக்காடும் கூடின. காந்தப்புலம் லேசர் இணைவின் விளைச்சலைக் கூட்டும் என்பதற்குக் கிடைத்த முதல் செய்முறைச் சான்று இதுவே.

இப்பயன் ஏன் இன்னும் பெரிதாக இல்லை என்னும் வினா எழலாம். விதைப்புலத்தின் கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றன. உருண்டையோ எல்லாத் திசைகளிலும் வெப்பத்தை இழக்கிறது. நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று திசைகளில் இரண்டைக் கோடுகள் மறிக்கின்றன. கோட்டின் போக்கிலான ஒரு திசை திறந்தே கிடக்கிறது. எவ்வளவு வலிய புலத்தை இட்டாலும் கசிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே குறைவதில்லை. ஏரியின் மேட்டுப் பக்கம் திறந்திருப்பினும் நீர் மேடேறி ஓடாது. வெப்பத்துக்கு அத்தகைய மேடு இல்லை. திறந்த வழியில் அது ஓடியே தீரும்.

தேசிய எரியூட்டு நிலையத்தில் காந்தம் வைப்பது மேலும் கடினமாயிற்று. அங்கே உருண்டை, தங்கத்தால் ஆன சிறு குழலுக்குள் வைக்கப்படும். குழலைச் சுற்றிய கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் திடீரெனப் பாய்ச்சினால் குழலின் சுவரில் சுழல் மின்னோட்டங்கள் எழும். அவை காந்தப்புலம் உள்ளே நுழைவதைத் தடுக்கும்; சுவரையும் சூடாக்கிச் சிதைக்கும். ஆகவே, மின்தடை மிகுந்த தங்கம்–டான்டலம் கலப்புலோகத்தால் குழல் செய்யப்பட்டது. அதன்பின் டியூட்டிரிய வாயு நிரப்பிய உருண்டையில் 26 டெசுலா விதைப்புலத்தை இட்டபோது, வெப்பநிலை 40 விழுக்காடு உயர்ந்தது. நியூட்ரான் விளைச்சல் 3.2 மடங்காயிற்று. இம்முடிவு 2022-இல் வெளியாயிற்று. அவ்வாண்டு திசம்பரில் நிகழ்ந்த எரியூட்டலோ காந்தப்புலம் இன்றியே செய்யப்பட்டது. அவ்வெற்றியையும் காந்தத்தையும் ஒன்றுசேர்த்தால் என்ன விளையும் என்பதே அறிஞர்களின் அடுத்த ஆவல்.

கரையால் வந்த கோணல்

கரை கட்டுவோரின் இரண்டாம் வினாவை இங்கே நினைவுகூர வேண்டும். தடுக்கப்பட்டது எங்கே செல்லும்?

அரிஜித் போசு தலைமையிலான குழுவினர் ஒமேகா லேசரில் 50 டெசுலா விதைப்புலத்தை இட்டு நடத்திய ஆய்வின் முடிவும் 2022-இல் வெளியாயிற்று. லேசர் கதிர்கள் உருண்டையின் இரு துருவங்களின் பக்கத்திலிருந்து மிகுதியாக விழுமாறு அமைக்கப்பட்டன. காந்தக் கோடுகள் ஒரு துருவத்திலிருந்து மறு துருவத்துக்கு ஓடின. காந்தமில்லாதபோது, துருவங்களில் விழுந்த மிகுதி வெப்பம் பக்கவாட்டில் பரவி நடுவிடையை அடையும். அதனால் அழுத்தம் ஓரளவு சமனாகும். காந்தம் வந்தபின் அப்பக்கவாட்டுப் பரவல் தடைப்பட்டது. எலக்ட்ரான்களோடு அயனிகளும் கோடுகளுக்குக் கட்டுப்பட்டன. துருவங்கள் மிகுதியாக அழுந்த, உருண்டை பரங்கிக்காயைப்போல் தட்டையாயிற்று. இச்சமச்சீரின்மை காந்தமில்லாத நிலையைவிட 2.5 மடங்கு மிகுந்திருந்தது.

உள்வெடிப்பில் சமச்சீர் இன்றியமையாதது. கையால் பலூனை அமுக்கும்போது ஒரு பக்கம் மிகுந்து அமுங்கினால் மறுபக்கம் பிதுங்குவதைப் போல, கோணலாக நசுங்கும் உருண்டை தன் ஆற்றலை வீணாக்கும். வெப்பப் பரவல் என்பது மையத்துக்குப் பகை. ஆயின், மேற்பரப்பின் ஏற்றத்தாழ்வுகளைச் சமன்செய்யும்போது அதுவே நட்பு. காந்தக் கரை பகையையும் நட்பையும் பிரித்தறிவதில்லை, இரண்டையும் தடுக்கிறது. அதனால், வலிய காந்தப்புலத்தை இடுவோர் லேசர் கதிர்களை முன்னினும் சீராக அமைத்தாக வேண்டும். கரையை உயர்த்துவோர் மதகையும் கலங்கலையும் மறவாமல் அமைப்பதற்கு நிகரான பொறுப்பு இது.

மும்பையில் ஒரு மேசை ஆய்வு

இத்துறையில் பணியாற்றப் பெருநிலையங்களே வேண்டும் என்பதில்லை. மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி. இரவீந்திரகுமார் குழுவினர், ஓர் அறைக்குள் அடங்கும் லேசரைக்கொண்டு வெப்பமும் அடர்த்தியும் மிக்க பிளாஸ்மாவை உருவாக்கினர். மிகக் குறுகிய லேசர் துடிப்பு திண்மப் பரப்பைத் தாக்கும்போது எலக்ட்ரான்கள் வெள்ளமென உள்ளே பாய்கின்றன. அவ்வோட்டமே வலிய காந்தப்புலத்தை எழுப்புகிறது. வெளியிலிருந்து காந்தம் வைக்காமலேயே ஆயிரக்கணக்கான டெசுலா புலம் கணப்பொழுதில் தோன்றி மறைகிறது. அக்குழுவினர் இரண்டாவது லேசர் துடிப்பை அப்பிளாஸ்மாவின்மேல் செலுத்தி, அதன் முனைவாக்கம் மாறுவதைக்கொண்டு புலத்தை அளந்தனர். காந்திநகர் அறிஞர்களும் இப்பணியில் இணைந்தனர். முதல் முடிவுகள் 2002-இல் வெளியாயின.

2012-இல் அக்குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. அக்காந்தப்புலம் சீரான கோடுகளாக நிற்காமல், வெள்ளத்துச் சுழிகளைப்போல் குழம்பிக் கொந்தளிப்பதை அது நேரடியாகக் காட்டியது. நாம் விதைக்கும் புலம் ஒருபுறம் இருக்க, லேசரே கேளாமல் எழுப்பும் புலமும் உண்டு என்பதை இது உணர்த்துகிறது. உள்வெடிப்பைக் கணிப்போர் இவ்விரண்டையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

எதிர்நோக்கும் பணிகள்

லேசர் இணைவு மின்நிலையமாக மாறவேண்டுமெனில் நொடிக்குப் பலமுறை உருண்டைகளை எரிக்கவேண்டும். இன்றைய ஆய்வில் ஒவ்வொரு முறையும் இலக்கோடு அதைச் சுற்றிய கம்பிச்சுருளும் சிதைந்துபோகிறது. அதனை எளிதாகவும் விரைவாகவும் மாற்ற வழிகாண வேண்டும். திறந்துகிடக்கும் மூன்றாம் திசையையும் மூடும்வண்ணம் காந்தக் கோடுகளை வளைத்து அமைக்க இயலுமா என்பதும் ஆராயப்படுகிறது. இவை விடைகாணக் காத்திருக்கும் வினாக்கள். இன்றைய மாணவர் நாளை கைக்கொள்ள வேண்டிய வினாக்கள்.

ஒரு கருவி பயன்தரும் என்று காட்டிய ஆய்வும், அதே கருவி கேடுதரும் இடத்தைக் காட்டிய ஆய்வும் ஒரே ஆண்டில் வெளியாயின. இரண்டையும் ஒருசேர மதித்ததனால்தான் இத்துறை முன்னேறுகிறது. நன்மையை மட்டும் எண்ணிக் கட்டிய கரை முதல் பெருமழையிலேயே உடையும். நீர் எவ்வழி செல்லும் என்று ஆராய்ந்து கட்டிய கரையே தலைமுறைகளைக் கடந்து நிற்கும்.

கலைச்சொல் அறிவோம்

உள்வெடிப்பு – வெளியிலிருந்து தரும் அழுத்தத்தால் ஒரு பொருள் தன் மையத்தை நோக்கி விரைந்து சுருங்குதல்
வெப்பப்புள்ளி – நசுங்கிய எரிபொருளின் நடுவில் உருவாகும் மிகுவெப்பப் பகுதி
விதைப்புலம் – உள்வெடிப்புக்குமுன் இலக்கில் இடப்படும் தொடக்கக் காந்தப்புலம்
நிலையின்மை – சிறு நெளிவு தானே வளர்ந்து அமைப்பைக் குலைக்கும் தன்மை

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள ஏரி அல்லது குளத்தின் கரை, மதகு, கலங்கல், நீர்வரத்துக் கால்வாய் ஆகியவற்றின் அமைப்பைப் பெரியோரிடம் கேட்டறிந்து, வரைபடத்துடன் ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.
2. ஒரு கண்ணாடிக் குவளையில் எண்ணெயை ஊற்றி, அதன்மேல் நிறமேற்றிய நீரை மெல்ல ஊற்றுக. எல்லையில் தோன்றும் மாற்றங்களை உற்றுநோக்கி வகுப்பறையில் விளக்குக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக.
1. காந்தப்புலத்தில் எலக்ட்ரான் தடையின்றி நகரும் திசை
அ) கோட்டுக்குக் குறுக்கே ஆ) கோட்டின் போக்கில் இ) எல்லாத் திசைகளிலும் ஈ) எத்திசையிலும் இல்லை
2. கோடுகள் ஊடுருவிய உருண்டையின் ஆரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் காந்தப்புலம்
அ) பத்து மடங்காகும் ஆ) இருபது மடங்காகும் இ) நூறு மடங்காகும் ஈ) மாறாது

குறுவினா
1. அணுக்கருப் பிளவு, அணுக்கரு இணைவு – வேறுபடுத்துக.
2. தங்கக் குழலுக்கு மாற்றாகக் கலப்புலோகக் குழலைப் பயன்படுத்தியது ஏன்?

சிறுவினா
1. சந்திரசேகரின் கணக்கைக் கோரைப்பாய் உவமைகொண்டு விளக்குக.
2. காந்தப்புலம் எவ்வளவு வலுத்தாலும் வெப்பக் கசிவு முற்றிலும் நிற்காமைக்குக் காரணம் யாது?

நெடுவினா
‘காந்தக்கோடு குறுக்கே செல்வோர்க்குக் கரை, நெடுகச் செல்வோர்க்கு வாய்க்கால்’ – இக்கூற்றை 2011, 2022 ஆம் ஆண்டு ஆய்வு முடிவுகளின் துணைகொண்டு நிறுவுக.